ஆண்டின் சிறந்த கைப்பேசியும் அறுபத்து மூன்று பதிவுகளும்

குணாளனிடம் இரண்டு திறமைகள் இருந்தன. செத்துப்போன கைப்பேசிக்கு உயிர் கொடுப்பான். யாருடைய குரலையும் இரண்டு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவான். முதலாவது அவனுக்குச் சோறு போட்டது, இரண்டாவது பேர் வாங்கிக் கொடுத்தது. முப்பத்தொன்பது வயதுவரை ஒன்றின் பக்கம் மற்றொன்று போனதே இல்லை.

பினாங்குத் தீவில், கொம்தார் கோபுரத்துக்கு எதிரே ஒரு பழைய கடைத்தொகுதியின் இரண்டாவது மாடியில் அவனுடைய கடை. கடை என்றால், ஒரு கண்ணாடி மேசையும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து திரும்பும் அளவு இடமும்தான். பக்கத்து மேசையில் ஹைதர் கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் விற்றார். குணாளன் பிறந்து வளர்ந்தது கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். கல்யாணமான பிறகு மனைவி சாந்தினியோடு ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா மட்டும் அங்கேயே இருந்தார். அக்கரையிலேயே பட்டர்வொர்த்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் பாகான் டாலாம்காரர்கள் பலர் பெரிப் படகு ஏறி அவனிடமே வருவார்கள். கேட்டால், "நம்ம பையன்லா, தெரியாத ஆளுகிட்ட எதுக்குக் குடுக்கணும்?" என்பார்கள். இந்தப் பேச்சு குணாளன் காதுக்கும் வந்திருக்கிறது. வரும்போதெல்லாம் அவனுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

டிசம்பர் வந்தால் அவனுக்கு வேறு ஒரு வேலையும் சேர்ந்துகொள்ளும். இந்த வருஷம் வந்ததிலேயே எந்தப் போன் நல்லது என்று ஆளாளுக்கு அவனைக் கேட்பார்கள். அவன் மேசையைச் சுற்றி நாலு பேர் நின்று, கேமரா இதில்தான், இல்லை பேட்டரி அதில்தான் என்று வாதாடுவார்கள். யார் எந்தப் போனைச் சொன்னாலும் குணாளன் அதை எதிர்த்துப் பேசி, கடைசியில் அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பான். அதில் அவனுக்கு ஒரு போதை.

அந்த வருஷம் டத்தோ கெராமட் சாலைப் பக்கம் இருந்த தமிழ்ச் சங்கத்தில் வருடாந்திரப் பட்டிமன்றத்துக்கு ஆள் சேரவில்லை என்ற கவலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தங்கராஜுதான் பல வருஷமாக நடுவர். கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா, படிப்பா பணமா என்று பேசிப் பேசி, கடைசியில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேச வேண்டிய நிலைமை வந்துவிட்டது. இளையவர்களை இழுக்க அவரே புதுத் தலைப்பு ஒன்றை எடுத்தார். இந்த ஆண்டின் சிறந்த கைப்பேசி எது? புத்தகம் மாதிரி மடக்கி விரிக்கிற விலை உயர்ந்த போனா, மூன்று நாள் சார்ஜ் நிற்கிற மலிவான போனா? பரிசு தர ஒரு கைப்பேசிக் கடை முன்வந்திருந்ததால் மேடையில் எந்தக் கம்பெனியின் பேரும் வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதனால் முதலாவதுக்கு 'மடக்கு' என்றும் இரண்டாவதுக்குத் 'தடியன்' என்றும் அவரே பேர் வைத்தார்.

மடக்கு அணிக்குக் குணாளன் தலைவன். தடியன் அணிக்கு ஷெரில். பாயான் பாருவில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்த்த இருபத்தேழு வயதுப் பெண். சங்கத்தின் முகநூல் பக்கத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள்.

பட்டிமன்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் புஷ்பவள்ளி அக்கா கடைக்கு வந்தார்.

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்தொரு வயது. பாகான் டாலாமில் குணாளனின் அம்மா இருந்த அதே வரிசையில்தான் முதலில் குடியிருந்தார். கணவர் போன பிறகு மகளோடு பக்கத்திலேயே அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். குணாளன் சின்னவனாக இருந்தபோது அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வாரம், அவனுக்குச் சாப்பாடு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

தன் கைப்பேசியை மேசைமேல் வைத்து, "நான் பேசுறது எனக்கே கேக்கமாட்டேங்குது தம்பி" என்றார். பேசுகிறவருக்கே எதற்குக் கேட்க வேண்டும் என்று குணாளன் யோசிக்கவில்லை. மைக் போயிருந்தது. பாகம் வர இரண்டு நாள் ஆகும் என்றான். அக்கா கடவு எண்ணைச் சொன்னார். திரையில் கீறல் விழுந்த மகளுடைய பழைய போன் ஒன்றையும் கொடுத்து, அது அவசரமில்லை, மெதுவாகச் செய்தால் போதும் என்றார். அடுத்த ஓய்வு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு, லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கப் போய்விட்டார்.

பாகம் வந்ததும், மைக்கை மாற்ற அரை மணி நேரம்தான் பிடித்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து ஒன்று இரண்டு மூன்று சொல்லிப் பதிந்து, ஒலிக்க விட்டுப் பார்த்தான். தெளிவாகக் கேட்டது. அதோடு அவன் வேலை முடிந்தது.

அவன் பதிவுக்குக் கீழே ஒரு நீளமான பட்டியல் இருந்தது. விரல் சும்மா இருக்கவில்லை. ஒன்றைத் தொட்டான்.

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் புஷ்பவள்ளி. ஐ ஆம் ஒர்க்கிங் திஸ் கம்பெனி நைன்டீன் இயர்ஸ். நோ லேட் சார். நோ எம்சி."

எம்சி என்றால் மருத்துவ விடுப்பு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் உடம்புக்கு முடியவில்லை என்று சீட்டு வாங்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு வேலை வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடர் பதவிக்கு நேர்முகத் தேர்வு வைத்திருந்தார்கள். புதிதாக வந்த மேலாளர் வெளிநாட்டுக்காரர், ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்பார். அதற்காக அக்கா தன் குரலைத் தானே பதிந்து கேட்டுப் பழகியிருக்கிறார். மொத்தம் அறுபத்து மூன்று பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சொல் கொஞ்சம் திருந்தியிருக்கும், இன்னொரு சொல் வழுக்கியிருக்கும். 'நோ எம்சி' மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, தலை நிமிர்ந்து சொன்னது போல வந்தது.

குணாளன் அன்று ஐந்து கேட்டான். மறுநாள் காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் கேட்டான். கெட்ட எண்ணம் இல்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பிடித்துப்போனது, அப்புறம் வாய் தானாக அந்தக் குரலைத் தேட ஆரம்பித்தது. சாயங்காலம் ஒரு தடவை பேசிப் பார்த்தபோது, பக்கத்து மேசையில் இருந்த ஹைதர், கடைக்கு யாரோ பெண்மணி வந்திருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். அதைவிட ஒரு பாராட்டு அவனுக்கு வேண்டியதில்லை.

ஒரு பதிவு மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதில் அக்கா குட் மார்னிங் சொல்லிவிட்டு நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். சொல் வரவில்லை. பிறகு கொஞ்ச நேரம் அழுதார், மூக்கைச் சிந்திக்கொண்டார், பதிவு முடிந்தது. குணாளன் அதையும் கடைசிவரை கேட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினான்.

தன் ஓய்வு நாளில் அக்கா வந்து போனை வாங்கிக்கொண்டார். அவன் கண்ணெதிரேயே ஒரு தடவை பதிந்து கேட்டுப் பார்த்து, "நல்லா கேக்குது" என்று சந்தோஷப்பட்டார். பாகத்துக்கு மட்டும் காசு போதும் என்றான் குணாளன். பெருந்தன்மையாக உணர்ந்தான்.

பட்டிமன்றம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. தங்கராஜு நினைத்தது நடந்தது. மண்டபம் நிறைந்து, பின்னால் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். நிபோங் திபாலிலிருந்துகூட ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சாந்தினி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஷெரில் கைப்பேசியைக் கம்பத்தில் மாட்டி நேரலையாக விட்டிருந்தாள்.

முதலில் பேசியவர்கள் விலையைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் பேசினார்கள். ஷெரில் தன் முறை வந்தபோது, மழையில் மின்சாரம் போன இரண்டு நாள் பாலிக் புலாவில் தன் மாமா வீட்டில் உயிரோடு இருந்த ஒரே போன் தடியன்தான் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாள். ஆண்டின் சிறந்தது என்பது அதிக பேருக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும், கடைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதற்கு அல்ல என்றாள். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது குணாளனுக்குத் தெரிந்தது.

அவன் எழுந்தான். எழுதி வைத்திருந்தது வேறு. மடக்குப் போன் நாம் தமிழில் பேசினால் அப்போதே ஆங்கிலத்தில் பேசிக் கொடுக்கும், அதுதான் அதன் பெருமை என்று சொல்ல நினைத்திருந்தான். அதைச் சொன்னான். கூட்டம் அசையவில்லை. அப்போதுதான் அது வாயில் வந்து நின்றது. அவன் தடுக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு அக்கா போன் கொண்டாந்தாங்க" என்று ஆரம்பித்தான். "பேரு வேணாம். இன்டர்வியூவுக்குப் பழகுறாங்க. எத்தன தடவ தெரியுமா? அறுபத்து மூணு தடவ." பிறகு கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, புஷ்பவள்ளியாக ஆனான். குட் மார்னிங் சார். நைன்டீன் இயர்ஸ் சார். நோ லேட் சார். நோ எம்சி. ஒவ்வொரு சாருக்கும் மண்டபம் அதிர்ந்தது. இரண்டாவது தடவை 'நோ எம்சி'யைக் கொஞ்சம் இழுத்தான், ஆட்கள் நாற்காலிக் கையைத் தட்டினார்கள். மடக்கு மட்டும் கையில் இருந்தால் அந்த அக்கா தமிழிலேயே ஒரு தடவை பேசியிருப்பார், மீதி அறுபத்திரண்டு தடவை தூங்கியிருப்பார் என்று முடித்தான். தங்கராஜு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

மறுப்புரைக்கு ஷெரில் எழுந்தாள். அவள் சிரித்திருக்கவில்லை.

"குணா அண்ணே, ஒன்னு மட்டும் கேக்கிறேன். அந்த அக்கா போனுக்குள்ள இருந்தத நீங்க எப்படிக் கேட்டீங்க?"

குணாளனின் காதுமடல் சுட்டது. ஆனால் மேடையில் அவன் ஒருநாளும் பதிலில்லாமல் நின்றதில்லை.

"ரிப்பேர் பண்ணா டெஸ்ட் பண்ண வேணாமா தங்கச்சி?"

மறுபடி சிரிப்பு. ஷெரில் அவனையே பார்த்தபடி உட்கார்ந்தாள். ஆண்டின் சிறந்த கைப்பேசி மடக்குதான் என்று தங்கராஜு தீர்ப்புச் சொன்னார். சிறந்த பேச்சாளருக்கான பரிசாக ஒரு மடக்குப் போனே குணாளனுக்குக் கிடைத்தது.

அவன் பேசிய நாலு நிமிஷத்தை யாரோ வெட்டித் தனியாகப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அது பினாங்கைத் தாண்டிப் போய்விட்டது. காலையில் ரொட்டி சானாய் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது, அறிமுகமில்லாத ஒருவர் தோளைத் தட்டி "நோ எம்சி" என்றார். குணாளன் சிரித்தான். சாந்தினி வேலை பார்த்த கிளினிக்கில் டாக்டர்கூட அதைப் பார்த்தாராம். இரண்டு மூன்று நாள் அவன் கால் தரையில் படவில்லை. இடையிடையே ஷெரில் கேட்ட கேள்வி நினைவுக்கு வரும், பல்லில் சிக்கிய நார் மாதிரி. நாக்கால் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பான். பேர்தான் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தக் குரலே ஆளைக் காட்டிவிட்டது, பேர் எதற்கு என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அல்லது உறைக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மலாய்ப் பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், தொழிற்சாலை அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. பேர் ஐனா. கா புஷ்பா, அதாவது புஷ்பவள்ளி அக்கா, மகளுடைய போனை வாங்கிவரச் சொன்னார் என்றாள். குணாளன் எடுத்துக் கொடுத்தான். அக்கா ஏன் வரவில்லை என்று மலாயில் கேட்டான். கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஐனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். இருவரும் ஒரே லைனில் வேலை. வீடியோ ஒன்று வந்தது. தனக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஆங்கிலத்தில் வந்த இடம் போதுமானதாக இருந்தது. லைனில் எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்துவிட்டது. அக்கா உள்ளே நுழைந்தால் ஒருவர் குட் மார்னிங் சார் என்பார், இன்னொருவர் நோ லேட் என்பார். கிண்டல்தான், கெட்டவர்கள் இல்லை. சூப்பர்வைசர்கூடச் சிரித்துவிட்டார். நேற்று நேர்முகத் தேர்வு.

"நேத்து கா புஷ்பா எம்சி போட்டுட்டாங்க" என்றாள் ஐனா. "இத்தனை வருஷத்துல முதல் தடவ."

குணாளன் கையில் இருந்த திருப்புளியை மேசையில் வைத்தான். ஐனா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வீடியோவுல இருக்கிறது நீங்கதானே?"

"இல்ல" என்றான் அவன். "நான் இல்ல."

அவள் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள், நன்றி சொன்னாள், போனாள். அவள் மின்படிக்கட்டில் இறங்கி மறையும்வரை குணாளன் தலையைத் தூக்கவில்லை. ஹைதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் உறைகளை அடுக்குவது போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. சிரிக்க வைத்தது ஒரு தப்பு. அதை நான் செய்யவில்லை என்று சொன்ன அந்த ஒரு சொல், அதைவிடச் சின்னதாக, அதைவிட அசிங்கமாக, நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பெரி ஏறினான். என்ன சொல்வது என்று வழி முழுக்கச் சொல் சேர்த்தான். யார் குரலையும் பேசத் தெரிந்தவனுக்குத் தன் குரலில் இரண்டு வரி கூடிவரவில்லை.

புஷ்பவள்ளி அக்கா வீட்டில்தான் இருந்தார். கம்பிக்கதவைத் திறந்து, "உள்ள வா" என்றார். மகளுடைய சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் போய் அதையே தொடர்ந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. அவன் நின்றான்.

"போன ஐனா வாங்கிட்டு வந்துட்டா. வேற என்ன?"

"மன்னிச்சிருங்கக்கா."

அக்கா காலரைத் தேய்த்து முடித்தார். அப்புறம் கேட்டார், "எத்தன கேட்ட?"

"எல்லாத்தையும்."

"எல்லாம்னா?"

"அறுபத்து மூணும்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் அழுதது?"

"கேட்டேன்க்கா."

"அத மேடையில சொல்லலியே. ஏன்?"

பொய் சொல்ல அவனுக்கு இடம் இருந்தது. உங்கள் மனசு புண்படக் கூடாது என்றுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"அதுக்கு யாரும் சிரிக்கமாட்டாங்க."

அக்கா மெல்லத் தலையை ஆட்டினார். கோபம் முகத்தில் வரும் என்று அவன் காத்திருந்தான், வரவில்லை.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிதான் இருக்கு" என்றார்.

சட்டையை மடித்து வைத்துவிட்டு, இன்னொன்றும் கேட்டார். வீடியோவில் கேட்டது போலத்தான் தான் பேசுகிறேனா என்று. இல்லை, நான் கொஞ்சம் கூட்டிப் பேசினேன் என்றான் குணாளன். அது உண்மைதான். ஆனால் மகள் அப்படியே இருக்கிறது என்று சொன்னாளாம். யார் என்று தெரிவதற்கு முன்னால் அவளும் சிரித்தாளாம், தெரிந்த பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இதை அக்கா சாதாரணமாக, அடுத்த வீட்டுச் சேதி மாதிரி சொன்னார்.

கம்பெனிக்கு வந்து மேலாளரிடம் தானே பேசுவதாகச் சொன்னான் குணாளன். அக்கா வேண்டாம் என்றார். "என்னன்னு சொல்லுவ? அது நான் இல்லன்னா? அது நான்தானே." கதவுவரை வந்தார். "வந்தது வந்துட்ட, அம்மாவப் பாத்துட்டுப் போ. இங்க வந்தத மட்டும் சொல்லாத."

அம்மா வீட்டில் அவனால் பத்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. அம்மா வீடியோவைப் பார்த்திருந்தார். வாய்விட்டுச் சிரித்ததாகச் சொன்னார். அது புஷ்பவள்ளி என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலமே தங்கராஜுவுக்கு அழைத்து வீடியோவை எடுக்கச் சொன்னான். அவர் சமாதானம் பேசினார். சங்கத்தின் பேர் இத்தனை பேருக்குத் தெரிந்ததே இதனால்தான், பேரைச் சொல்லாதபோது யாருக்கு என்ன பாதகம் என்றார். குணாளன் நடந்ததைச் சொன்னான். முழுசாகச் சொன்னான், மைக்கை மாற்றிய பிறகு கேட்டதையும் சேர்த்து. அவர் ஷெரிலிடம் பேசு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஷெரில் சங்கத்தின் பக்கத்தில் இருந்ததை அப்போதே எடுத்தாள். ஆனால் மற்றவர்கள் இறக்கி மறுபடி போட்டவை ஏராளம், அவற்றை ஒன்றும் செய்ய முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னாள். குணாளன் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ பதிந்து வைத்திருந்தான், அதைப் போடவா என்று கேட்டான்.

"போட்டா உங்களுக்கு நல்லாருக்கும் அண்ணே" என்றாள் ஷெரில். "யாரு அந்த அக்கான்னு தெரியாதவங்களும் தேட ஆரம்பிப்பாங்க."

அவன் அதை அழித்தான். ஊரறியச் செய்த தப்புக்கு ஊரறிய மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. பரிசாக வந்த மடக்குப் போன் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. ஏன் எடுக்கவில்லை என்று சாந்தினி ஒருநாள் கேட்டாள். அவளிடம் சொல்லாமல் இருந்ததுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பாரமாக இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஐனாவிடம் சொன்ன பொய்வரை எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் சிரிச்சேன்" என்றாள் சாந்தினி. "மூணாவது வரிசையில உக்காந்து நல்லா சிரிச்சேன். அந்தப் பொண்ணு எப்படிக் கேட்டீங்கன்னு கேட்டப்ப, எதுக்கு இவ காரியத்தக் கெடுக்கிறான்னு கோவம்கூட வந்துச்சு." மறுநாள் அந்தப் பெட்டியை அவளே எடுத்துப்போய்ச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன காரணம் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

குணாளன் தொழிலை விடவில்லை. விட்டால் சோறில்லை. மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். வேலை முடியும்வரை நீங்கள் இங்கேயே உட்காருங்கள், உங்கள் கண்ணெதிரே சோதித்துத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் சொன்னான். கடவு எண்ணை யாராவது சொல்ல வாயெடுத்தால், நீங்களே திறந்து கொடுங்கள் என்றான். சிலருக்கு அது அலுப்பாக இருந்தது. உன்னிடம் என்ன சந்தேகம் தம்பி, வைத்துவிட்டுப் போகிறேனே என்பார்கள். அந்த வார்த்தைக்கு முன்பெல்லாம் ஒரு குளிர்ச்சி வருமே, அது இப்போது வரவில்லை. யாராவது குரல் பேசிக் காட்டச் சொன்னால் தொண்டை சரியில்லை என்றான். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

புஷ்பவள்ளி அக்கா அதன் பிறகு கடைக்கு வரவில்லை. பட்டர்வொர்த்திலேயே வேறு யாரிடமோ கொடுப்பதாக அம்மா மூலம் தெரிந்தது. மே மாதம் தொழிற்சாலையில் மறுபடி ஆள் எடுத்தபோது, ஐனா விண்ணப்பத்தை வாங்கிவந்து அவர் கையில் வைத்துக் கையெழுத்து வாங்கினாளாம். ஜூலையில் அக்கா லைன் லீடர் ஆனார். இதையும் அம்மாதான் சொன்னார். குணாளனுக்குச் சந்தோஷப்பட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னான்.

அடுத்த டிசம்பரில் தங்கராஜு மறுபடி அழைத்தார். அந்த வருஷம் வந்த போன்களை வைத்து அதே பட்டிமன்றம். குணாளன் வரவில்லை என்றான். அவரும் வற்புறுத்தவில்லை.

பட்டிமன்றம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அம்மாவைப் பார்க்கப் பெரி ஏறினான். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான், இரண்டு இருக்கை தள்ளி ஜன்னலோரம் புஷ்பவள்ளி அக்கா. மடியில் துணிக்கடைப் பை. இருவருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரமில்லை. அக்காதான் முதலில் பேசினார், அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று. பரவாயில்லை என்றான். லைன் லீடர் ஆனது பற்றிக் கேள்விப்பட்டேன், சந்தோஷம் என்று ஒருவழியாகச் சொன்னான். அக்கா தலையசைத்தார். பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும் முகத்தில் ஏதோ இளகியது போல அவனுக்குத் தோன்றியது.

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தார். கம்பெனியிலிருந்துதான் இருக்க வேண்டும், முதுகு தானாக நிமிர்ந்தது. பட்டன்மேல் விரலை வைத்தவர், குணாளனை ஒரு தடவை பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்தார். அது ஒலித்து ஒலித்து நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒலித்தது. அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணாளன் எழுந்தான். "நான் பின்னால நிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, பயணிகளைத் தாண்டிப் படகின் கடைசிக்குப் போனான். இயந்திரத்தின் சத்தம் அங்கே பலமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அக்கா போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையை ஆட்டி எதையோ விளக்கினார், கேட்டார், மறுபடி பேசினார். அவர் சொன்ன ஒரு சொல்லும் குணாளனுக்குக் கேட்கவில்லை. படகு கரையைத் தொடும்வரை அவன் அங்கேயே நின்றான்.